ஹெட்போனில் சரவுண்ட்: காசு கொடுப்பதா, இருப்பதை வைத்துப் பார்ப்பதா?

போன மாதம் கும்பகோணத்திலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, 7.1 ஹெட்செட் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். நாலாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. வாங்கிடவா?" 7.1 என்றால் நம்மைச் சுற்றி ஏழு ஸ்பீக்கரும், அடிக்கட்டைச் சத்தத்துக்குத் தனியாக ஒன்றும் என்று கணக்கு; 5.1 என்றால் ஐந்தும் ஒன்றும். அவன் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு அது. ஒரு வாரம் பொறுத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டு, என் கம்ப்யூட்டரில் இதற்கென்று இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்க ஆரம்பித்தேன். இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் கேட்டதையும் முடிவு செய்ததையும் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் ராத்திரி தண்ணீர் கட்டப் போகும்போது அப்பாவோடு நானும் போவதுண்டு. இருட்டில் வரப்பில் நிற்போம். எங்கோ ஒரு பம்புசெட் ஓடும் சத்தம் வரும். அப்பா உடனே திசை சொல்ல மாட்டார். தலையை லேசாக இடப்பக்கம் திருப்புவார், அப்புறம் வலப்பக்கம், அவ்வளவுதான். "அது கீழக்கரை போர்செட்டுப்பா" என்பார். போய்ப் பார்த்தால் சரியாக இருக்கும். ஹெட்போனில் சரவுண்ட் எங்கே சரியாக வருகிறது, எங்கே சொதப்புகிறது என்பதெல்லாம் அந்தத் தலைத் திருப்பலுக்குள் இருக்கிறது.

ஒரு சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நாம் எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? இடப்பக்கம் வரும் சத்தம் இடது காதைத் தொட்ட பிறகுதான் வலது காதுக்குப் போகிறது. அந்த இடைவெளி அதிகபட்சம் ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குகூட இல்லை, 0.6 அல்லது 0.7 பங்குதான். மூளைக்கு அது போதும். அடுத்தது தலையின் மறைப்பு: கீச்சென்ற சத்தங்கள் மறுபக்கக் காதுக்குப் போகும்போது தலை தடுப்பதால் கொஞ்சம் மங்கிவிடும். மூன்றாவது, காதுமடலின் மடிப்புகள். மேலேயிருந்தும் பின்னாலிருந்தும் வரும் சத்தத்தை அவை ஒவ்வொரு விதமாக மாற்றி உள்ளே அனுப்புகின்றன. இந்த மூன்றையும் அளந்து கணக்காக எழுதி வைத்ததைத்தான் எச்ஆர்டிஎஃப் என்கிறார்கள். விர்ச்சுவல் சரவுண்ட் என்ற பெயரில் விற்கும் எல்லாமே, என்ன பெயர் வைத்திருந்தாலும், அடியில் இந்தக் கணக்குத்தான். ஐந்து அல்லது ஏழு ஸ்பீக்கருக்கான சத்தத்தை எடுத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரும் அறையில் அதன் இடத்தில் இருந்தால் இரண்டு காதுக்கும் எப்படிக் கேட்குமோ அப்படி மாற்றி, இடது வலது என்று இரண்டே சேனலில் கொடுத்துவிடுகிறது.

நான்காவதாக ஒன்று உண்டு, அதுதான் அப்பாவின் தலைத் திருப்பல். சாதாரண ஹெட்போனில் நீங்கள் தலையைத் திருப்பினால் சத்தமும் கூடவே திரும்பிவிடும். அதனால் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்ற குழப்பம் இந்த எல்லா மென்பொருளிலும் கொஞ்சம் இருக்கவே செய்யும். இடம், வலம், பின்பக்கம் எல்லாம் நன்றாகக் கிடைக்கும். நேர் முன்னால் வரும் சத்தம்தான் தலைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். தலை அசைவைப் பின்தொடரும் வசதி உள்ள ஜோடிகள் இருக்கின்றன. ஆப்பிள் சிலிகான் மேக்கும் ஏர்பாட்ஸ் ப்ரோவும் சேர்ந்தால் அது கிடைக்கும். அவை இரண்டும் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவையே இல்லை, அதையே பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, அந்த அளவு யாருடைய காதில் எடுத்தது? பெரும்பாலும் ஆய்வகத்தில் வைத்த பொம்மைத் தலையிலோ, வேறு யாருடைய தலையிலோ எடுத்தது. உங்கள் காதுமடல் அதே வடிவத்தில் இருக்காது. ஆகவே ஒருவர் "பிரமாதம்" என்பது இன்னொருவருக்கு டப்பாவுக்குள் பேசுவதுபோல இருக்கும். இதில் யார் சொல்வதும் பொய் இல்லை. அதனால்தான் காசு கொடுப்பதற்கு முன்னால் உங்கள் காதில் போட்டுக் கேட்டே ஆகவேண்டும் என்கிறேன்.

இப்போது 7.1 ஹெட்செட் என்ற பெட்டிக்கு வருவோம். பெட்டியில் ஏழு ஸ்பீக்கர் படம் போட்டிருக்கும். பெரும்பாலானவற்றைப் பிரித்தால் பக்கத்துக்கு ஒரே டிரைவர்தான், அதாவது சத்தம் எழுப்பும் ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர்தான். சரவுண்ட் வேலையை யுஎஸ்பி முனையிலுள்ள சிப்போ, கம்ப்யூட்டரில் ஏற்றும் மென்பொருளோ செய்கிறது. அந்த வேலையைச் சாதாரண ஸ்டீரியோ ஹெட்போனுக்கும் கம்ப்யூட்டரே செய்துவிடும். நிஜமாகவே பக்கத்துக்கு மூன்று நான்கு டிரைவர் வைத்த ஹெட்செட்டுகளும் வந்திருக்கின்றன. ஆனால் எல்லா டிரைவரும் காதை ஒட்டியே இருப்பதால் தலையின் மறைப்பும் நேர இடைவெளியும் சரியாகக் கிடைப்பதில்லை, எடையும் கூடிவிடுகிறது. சித்திரை வெயிலில் மின்விசிறிக்கு அடியில் அதை ஒரு மணி நேரம் மாட்டியிருந்தால் காதைச் சுற்றி வேர்த்து ஊற்றும். அதே விலையில் நல்ல ஸ்டீரியோ ஹெட்போன் வாங்குவதுதான் சரி என்பது என் தீர்மானமான கருத்து.

விண்டோஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு முதல் வழி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. விண்டோஸ் சோனிக் என்று பெயர். 2017-இல் விண்டோஸ் 10-இல் வந்தது, இலவசம். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸுக்குள் போய், ஹெட்போனைத் தேர்ந்தெடுத்தால் ஸ்பேஷியல் சவுண்ட் என்ற இடத்தில் இருக்கும். இரண்டு கிளிக்கில் முடிந்துவிடும், கழற்றுவதும் அவ்வளவு சுலபம். திசை தெளிவாகத் தெரிகிறது. ஆனால் என் காதுக்குச் சத்தம் கொஞ்சம் மெலிந்து, அடிக்கட்டை இல்லாததுபோல இருந்தது. படம் பார்க்கும்போது குறையாகத் தெரியவில்லை. விளையாட்டில் கால் மணி நேரம் போனதும் மறந்துவிட்டது. எதை வாங்குவது என்று யோசிப்பவர்கள் முதலில் இதை ஒரு வாரம் வைத்திருந்து பார்க்க வேண்டும். அதுவே போதும் என்று நிறையப் பேருக்குத் தோன்றிவிடும்.

இரண்டாவது டால்பி அட்மாஸ் ஃபார் ஹெட்போன்ஸ். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் டால்பி ஆக்சஸ் என்ற ஆப்பை இறக்கினால் சில நாள் இலவசமாகக் கேட்டுப் பார்க்கலாம், பிறகு ஒருமுறை பணம் கட்ட வேண்டும். மாதச் சந்தா கிடையாது. ஹெட்போனை மாற்றினாலும் உரிமம் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இருக்கும். இதில் சத்தம் நிறைவாக இருக்கிறது. படத்தின் வசனம் சோனிக்கைவிட முன்னுக்கு வருகிறது, மழைக் காட்சியில் மழை தலைக்கு மேலேயே பெய்கிறது. ஆனால் அந்த மேல்பக்கம் முழுதாகக் கிடைக்க வேண்டுமானால் படமோ விளையாட்டோ அட்மாஸில் தயாரானதாக இருக்க வேண்டும். வெறும் 5.1 ஆக இருந்தால் சுற்றிலும் கேட்கும், உயரம் கிடைக்காது.

டிடிஎஸ் ஹெட்போன்:எக்ஸ் மூன்றாவது. டிடிஎஸ் சவுண்ட் அன்பவுண்ட் என்ற ஆப் வழியாக வருகிறது, இதற்கும் சோதனைக் காலம் உண்டு, பிறகு பணம். ஹெட்போன் மாடல்களின் பட்டியல் ஒன்று உள்ளே இருக்கிறது. உங்கள் ஹெட்போன் அதில் இருந்தால் அதற்கேற்ப சத்தத்தைத் திருத்திக்கொள்கிறது. என் ஹெட்போன் பட்டியலில் இல்லை. பொதுவான அமைப்பில் கேட்டபோது அட்மாஸைவிட அறை பெரிதாகத் தோன்றியது, வசனம் கொஞ்சம் தள்ளிப் போனது. உங்கள் மாடல் இருக்கிறதா என்று முதலில் பட்டியலைப் பாருங்கள். இருந்தால் நிச்சயம் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டியது.

நான்காவதுதான் நான் இப்போது வைத்திருப்பது, அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஈக்வலைசர் ஏபிஓ என்று ஒரு இலவச மென்பொருள். விண்டோஸின் சத்தம் ஹெட்போனுக்குப் போகும் வழியிலேயே உட்கார்ந்து அதை மாற்றித் தரும். அதன் மேல் ஹெசூவி என்ற இன்னொரு இலவச மென்பொருளை ஏற்ற வேண்டும். ஹெசூவிக்குள் பலவகை எச்ஆர்டிஎஃப் அளவுகள் பட்டியலாக இருக்கின்றன. பழைய டால்பி ஹெட்போன், கிரியேட்டிவ் நிறுவனத்தின் சிஎம்எஸ்எஸ்-3டி, இன்னும் பலவற்றின் சாயல் ஒரே இடத்தில் கிடைக்கும். உங்கள் காதுக்கு எது பொருந்துகிறதோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மற்ற வழிகளில் அவர்கள் கொடுத்த ஒரே தலைதான். இதில் தலையை நீங்கள் பொறுக்கி எடுக்கிறீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே மெனக்கெடலாம்.

மெனக்கெடல் உண்மைதான். ஏபிஓ ஏற்றும்போது எந்த ஹெட்போனில் வேலை செய்ய வேண்டும் என்று டிக் செய்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். பிறகு கன்ட்ரோல் பேனலின் சவுண்ட் பகுதியில் அந்த டிவைஸை 7.1 ஸ்பீக்கர் என்று அமைக்க வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டைப்-சி முனையில் செருகும் சின்ன டாங்கிள், நிறைய யுஎஸ்பி சவுண்ட் கார்டுகள் எல்லாம் ஸ்டீரியோ மட்டும்தான் காட்டும். 7.1 என்ற தேர்வே அங்கு இருக்காது. அப்போது விபி-கேபிள்போல ஒரு விர்ச்சுவல் ஆடியோ டிவைஸை ஏற்றி, அதை 7.1 ஆக்கி, அதிலிருந்து டாங்கிளுக்குச் சத்தத்தைத் திருப்ப வேண்டும். விண்டோஸ் சோனிக்குக்கும் அட்மாஸுக்கும் இந்தத் தொல்லை இல்லை, ஸ்டீரியோ டிவைஸிலேயே நேராக வேலை செய்யும். இன்னொன்று, சவுண்ட் டிரைவர் அப்டேட் ஆகும்போது ஏபிஓ சில சமயம் கழன்றுவிடும். திடீரென்று சரவுண்ட் போய்விட்டால் அதன் கான்ஃபிகரேட்டரைத் திறந்து மறுபடி டிக் செய்தால் வந்துவிடும். ஏழு சேனலும் இரண்டில் சேர்வதால் சத்தம் கிழிவதும் உண்டு. ஏபிஓவிலேயே ப்ரீஆம்ப் அளவைச் சில டெசிபல் குறைத்தால் சரியாகிவிடும்.

லினக்ஸ்காரர்கள் இதையே பைப்வயர் என்ற அதன் ஆடியோ மென்பொருளில் செய்யலாம். ஃபில்டர்-செயின் என்ற பகுதியில் 7.1 சரவுண்டுக்கான மாதிரி கான்ஃபிக் கோப்பு கூடவே வருகிறது. ஹெசூவியின் அளவுக் கோப்பு ஒன்றை அதற்குக் காட்டினால் போதும்.

ஐந்தாவது, விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் எச்ஆர்டிஎஃப். அக்கா மகனுக்கு வேண்டியது இதுதான். அவன் விளையாடுவது வேலரண்ட். 2021-இல் அதற்குள் எச்ஆர்டிஎஃப் வந்தது, ஆடியோ செட்டிங்ஸில் ஒரு டிக் செய்தால் போதும். வெளியிலிருந்து வரும் எந்த மென்பொருளைவிடவும் இதற்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. எதிரி எங்கே நிற்கிறான், எந்த உயரத்தில் நிற்கிறான் என்பது விளையாட்டுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். வெளி மென்பொருளுக்குப் பெரும்பாலும் ஏழு ஸ்பீக்கர் என்ற ஏழு திசைதான் வந்து சேரும். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் வரும் காலடியை அது இரண்டிலும் பங்கு போட்டுத்தான் காட்ட முடியும். விளையாட்டின் சொந்தக் கணக்கில் அந்தக் காலடிக்கு அதற்கே உரிய திசை கிடைக்கிறது. கவுன்டர்-ஸ்ட்ரைக்கிலும் இந்த வசதி 2016-லேயே வந்துவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே இருக்க வேண்டும். முன்பு ஒருமுறை என்னிடமிருந்த ஹெட்செட்டின் சொந்த 7.1 ஓடிக்கொண்டிருந்தது, அது தெரியாமல் விண்டோஸ் சோனிக்கையும் போட்டு, விளையாட்டுக்குள் எச்ஆர்டிஎஃப்பையும் போட்டுவிட்டேன். காலடிச் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. இரண்டு நாள் ஹெட்செட் கெட்டுவிட்டது என்றே நினைத்திருந்தேன். தலையைக் கணக்கிட்ட சத்தத்தை மறுபடி ஒரு தலைக்குள் விட்டால் இப்படித்தான் ஆகும். விளையாட்டில் எச்ஆர்டிஎஃப் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் அணையுங்கள். இல்லாவிட்டால் விளையாட்டுக்குள் ஆடியோவை 7.1 அல்லது ஹோம் தியேட்டர் என்று வைத்து, வெளியே ஒன்றை மட்டும் போடுங்கள்.

உள்ளே என்ன போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிரவுசரில் பார்க்கும் பெரும்பாலான வீடியோ ஸ்டீரியோதான். அதற்குச் சரவுண்ட் போட்டால் முன்னால் இரண்டு ஸ்பீக்கர் வைத்த அறையில் கேட்பதுபோல மாறும், பின்னால் ஒன்றும் வராது. 5.1 ஆடியோ உள்ள படக் கோப்பை விஎல்சி போன்ற ப்ளேயரில் போட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

பாட்டுக்குச் சரவுண்ட் வேண்டாம் என்பேன். இதை நான் தவில் வைத்துத்தான் முடிவு செய்தேன். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் மூன்றடி தள்ளி நின்று தவிலைக் கேட்டு வளர்ந்தவன் நான். வலந்தலையில் கூடு மாட்டிய விரல் விழும்போது வரும் அந்தச் சுளீர் காதுக்குப் பழக்கம். ஸ்டீரியோவில் பதிவான ஒரு நாதஸ்வரக் கச்சேரியைச் சரவுண்ட் இல்லாமல் கேட்டேன். வலந்தலை சுளீரென்றும், குச்சி விழும் மறுபக்கமான தொப்பி கனமாகவும் தனித்தனியாக நின்றன. அட்மாஸைப் போட்டேன். சுளீர் மழுங்கி, கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்ததுபோல ஆகிவிட்டது. ஹெசூவியில் நான்கைந்து அளவுகளை மாற்றிப் பார்த்தும் அது திரும்பி வரவில்லை. பதிவு செய்தவர்கள் இரண்டு சேனலுக்கென்று தீர்மானித்துச் செய்ததை நாம் கலைக்கிறோம். காது இருக்கும் இடத்தில் மைக் வைத்து எடுத்து, பைனாரல் என்று குறிப்பிட்டு வரும் பதிவுகளுக்கும் இதுவே. தலையின் கணக்கு அதில் ஏற்கெனவே இருக்கிறது.

ப்ளூடூத் ஹெட்போன்காரர்களுக்கு ஒரு வார்த்தை. விளையாடும்போது நண்பர்களோடு பேச அதன் மைக்கைத் திறந்தால், விண்டோஸ் பேச்சுக்கான நிலைக்கு மாற்றிவிடும். பெரும்பாலும் சத்தம் ஒற்றைச் சேனலாகி, தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். அதில் சரவுண்டைத் தேடுவது வீண். மைக் வேண்டுமானால் தனி மைக், அல்லது வயர் உள்ள ஹெட்போன். லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது ஹெட்போனில் உம்மென்ற ஒலி வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் வீட்டு எர்த்தைச் சரிபார்க்க வேண்டும். எங்கள் பழைய வீட்டில் அதுதான் காரணமாக இருந்தது.

அப்பாவுக்கும் இதில் ஒன்று செய்ய நினைத்தேன். எல்லோரும் தூங்கிய பிறகு அவர் லேப்டாப்பில் பழைய படம் பார்ப்பார். அட்மாஸைப் போட்டு மாட்டிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் கழற்றினார். "பேச்சு பாதி விழல தம்பி" என்றார். அவருக்கு வலது காது சில வருடங்களாக மந்தம். வலப்பக்கம் போன வசனம் அவருக்குப் போய்ச் சேரவில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் ஆக்சசிபிலிட்டியின் ஆடியோ பகுதியில் மோனோ ஆடியோ என்று ஒன்று இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே சத்தத்தைத் தரும். அதைப் போட்டேன். படம் முடியும்வரை கழற்றவில்லை. வீட்டில் ஒரு காது மந்தமானவர்கள் இருந்தால் சரவுண்டை விட்டுவிடுங்கள், இதைப் போட்டுக் கொடுங்கள். வேறு யாருக்காவது சரவுண்ட் வேலை செய்யவில்லையென்றால் இதே மோனோ தெரியாமல் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒப்பிட்டுக் கேட்பதற்கு நான் வைத்துக்கொண்ட முறை இது. ஒரே காட்சி, ஒரு நிமிடத்துக்கு மேல் போகாதது. முதலில் இடது வலது மாறாமல் மாட்டியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும், மாறியிருந்தால் எல்லாமே தப்பாகக் கேட்கும். பிறகு சத்தத்தின் அளவைச் சமமாக்க வேண்டும். கூடுதலாக ஒலிப்பதே நன்றாக ஒலிப்பதுபோலத் தோன்றும், இது எல்லோருக்கும் நடக்கும். கன்ட்ரோல் பேனலில் ஸ்பீக்கர் அமைப்பில் டெஸ்ட் பொத்தான் இருக்கிறது, அது ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலிக்கும். கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் வந்த பக்கம் விரலை நீட்டச் சொல்லி, வேறொருவர் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போய் அக்கா மகனை அப்படித்தான் உட்கார வைத்தேன். அவனிடம் ஏற்கெனவே இருந்த சாதாரண வயர் ஹெட்போன்தான். சோனிக்கில் பின்பக்கம் இரண்டையும் சரியாகக் காட்டினான், முன்னால் நடுவில் வந்ததற்குக் கையைப் பின்னால் நீட்டினான். அட்மாஸிலும் அதே தப்பு. ஹெசூவியில் ஆறாவதாகப் போட்ட அளவில் முதல்முறையாகக் கை முன்னால் போனது. "மாமா, இது வெளியில கேக்குது" என்றான். படத்துக்கு அதை வைத்துக் கொடுத்தேன். வேலரண்டுக்கு அதன் சொந்த எச்ஆர்டிஎஃப்பைப் போட்டு, விளையாடுமுன் ஹெசூவியை அணைக்கக் கற்றுக்கொடுத்தேன்.

ஹெட்செட் வாங்கவில்லை. அந்தக் காசில் பாதிக்குக் கீழே ஒரு மேசை மைக் வாங்கிக்கொண்டான். நேற்று ராத்திரி மறுபடி போன் வந்தது. பின்னால் வருகிறவனை இப்போது திரும்பாமலே கண்டுபிடிக்கிறானாம். மாடிப்படியில் மேலே ஏறுகிறானா கீழே இறங்குகிறானா என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லையாம். இன்னும் இரண்டு வாரம் அதையே வைத்து விளையாடு, காதும் பழக வேண்டும் இல்லையா என்றேன். "சரி மாமா" என்று வைத்துவிட்டான்.